நொண்டி ஓடினாலும் ஓட்டம் ஓட்டமே

கடந்த வாரம் ஒருநாள் காலை பண்ணைக் கடற்கரையோரமாக ஓடிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த மோட்டார் சைக்கிளொன்று என்னருகே வேகம் குறைத்தது. ஓட்டி வந்த இளைஞர் தலைக்கவசத்தின் கண்ணாடியை உயர்த்தினார்.

“ஐயா, காலிலை ஏதும் பிரச்சினையோ? ஏறுங்கோ, ஆஸ்பத்திரியிலை கொண்டுபோய் விடுறன்.”

“இல்லைத் தம்பி, நான் ஓடுறன்.”

“ஓடுறியளோ?”

என் காலை ஒரு தடவையும் முகத்தை ஒரு தடவையும் பார்த்தார். “சரி ஐயா, கவனம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பிள்ளையில் பிழையேதும் இல்லை. என் ஓட்டத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது ஓட்டமாகத் தோன்றாது. எதிலிருந்தோ தப்பி வருபவனின் தடுமாற்றமாகவே தோன்றும். இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கிய என் வலது கால் மற்றக் காலைவிட மெலிந்தது, சற்றுக் குட்டையானதும்கூட. நடக்கும்போது சப்பாத்து மறைத்துவிடும் அந்த வேறுபாட்டை ஓட்டம் அப்பட்டமாகக் காட்டிவிடுகிறது.

இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் இன்னொரு சந்திப்பு. காலை நடைக்கு வரும் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் என்னை மறித்து, கையைப் பற்றிக் குலுக்கினார். “நீங்கள் எல்லாருக்கும் ஒரு முன்மாதிரி. இது பெரிய சாதனை” என்றார். தம் கைத்தொலைபேசியில் படமும் எடுத்துக்கொண்டார். அன்று நான் கடந்த தூரம் இரண்டு கிலோமீற்றர். அதில் பாதிக்கு மேல் நடை. இதில் சாதனை எங்கே இருக்கிறது என்று வீடு வந்து சேரும்வரை யோசித்தேன்.

இருவருமே நல்ல மனிதர்கள். ஒருவரிடம் இரக்கம் இருந்தது; மற்றவரிடம் வியப்பு இருந்தது. ஆனால் இவ்விரண்டும் ஒரே ஊற்றிலிருந்து பிறப்பவை என்பதே என் எண்ணம். இப்படியொரு உடலுக்கு ஓட்டத்தில் இடமில்லை என்ற முடிவு இருவரின் மனத்திலும் முன்கூட்டியே இருந்தது. அந்த முடிவு பொய்யானபோது ஒருவர் உதவ வந்தார், மற்றவர் மாலை சூட்ட வந்தார். காலையில் ஓடும் ஒரு சாதாரண மனிதனாக என்னைப் பார்க்க இருவராலும் முடியவில்லை.

எந்த வேறுபாடும் காட்டாமல் என்னை ஓட்டக்காரனாக ஏற்றுக்கொண்டவை எங்கள் ஒழுங்கை நாய்கள் மட்டுமே. மற்றவர்களைத் துரத்தும் அதே உற்சாகத்துடன் அவை என்னையும் துரத்துகின்றன.

சிறுவயது நினைவொன்றை இங்கே சொல்லவேண்டும். ஆண்டின் முதல் தவணையில் எங்கள் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டி நடைபெறும். ஊரே திருவிழாக் கோலம் கொள்ளும். இல்லங்களை அலங்கரிப்பார்கள், அணிநடை பழகுவார்கள். எனக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரே வேலை. ஓடுபாதைக்குக் கோடு போடும் அண்ணன்மாருக்குப் பின்னால் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு போவது. மைதானத்தின் ஒவ்வொரு கோட்டையும் அறிந்தவன் நான். அக்கோடுகளுக்கு நடுவே ஒருநாளும் ஓடியதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது ஆசிரியர் ஒருவர் எனக்கு வில்மா ருடோல்ஃபின் கதையைச் சொன்னார். சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் இடது கால் பலமிழந்து, உலோகத் தாங்கியுடன் நடந்த அந்தக் கறுப்பினச் சிறுமி, 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் 100 மீற்றர், 200 மீற்றர், 4x100 மீற்றர் அஞ்சலோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்ற கதை. அவர் கண்கலங்கச் சொன்னார். நானும் கண்கலங்கக் கேட்டேன். மறுநாள் அதே ஆசிரியர்தான் சுண்ணாம்பு வாளியை என் கையில் தந்தார்.

அவர் இன்று உயிருடன் இல்லை. அவர்மீது எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் அந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ள எனக்கு நாற்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. வில்மாவின் கதை எனக்குத் தரப்பட்டது நான் ஓடுவதற்காக அல்ல. ஓடாமலேயே ஆறுதல் அடைவதற்காக. உலகின் அதிவேகப் பெண்ணாக வந்தால் நொண்டிக் காலை மன்னிப்போம், எட்டாவது ஆளாக வருவதற்கென்றால் வாளியைப் பிடி என்பதே அதன் உட்பொருள். நல்ல காலுடன் எட்டாவதாக வந்த மாணவர்கள் எத்தனையோ பேர் இருந்தனர். அவர்களிடம் எவரும் ஒலிம்பிக் பதக்கம் கேட்கவில்லை.

எனக்கு ஓட்டம் வாய்த்தது ஐம்பத்தொரு வயதில். முப்பதாண்டுகால இரவுப் பணியும், ஆசிரியபீடத்து மேசையும், சீனி போட்ட தேநீரும் சேர்ந்து நீரிழிவைக் கொண்டுவந்து சேர்த்திருந்தன. வைத்தியர் நடக்கச் சொன்னார். “ஓடலாமா?” என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இயன்மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார். அந்தப் பெண்மணி என் இரு கால்களின் தசைகளையும் ஒரு மணிநேரம் சோதித்துவிட்டு, “ஓடலாம், ஆனால் உங்கள் கணக்குப்படி அல்ல, உங்கள் காலின் கணக்குப்படி” என்றார்.

அந்தக் கணக்கு என்னவென்று சொல்வது என்னைப்போன்ற சிலருக்கேனும் பயன்படலாம். இளம்பிள்ளை வாதக் கிருமி முள்ளந்தண்டில் இருந்து தசைகளை இயக்கும் நரம்புக் கலங்களை அழிக்கிறது. எஞ்சிய கலங்கள் புதிய கிளைகளை விட்டு, அநாதரவாக நின்ற தசைநார்களையும் தத்தெடுத்துக்கொள்கின்றன. ஒருவர் சம்பாத்தியத்தில் இரண்டு குடும்பம் பிழைப்பது போன்ற ஏற்பாடு அது. பல பத்தாண்டுகள் இப்படிச் சுமந்த கலங்கள் நடுவயதுக்கு மேல் களைத்துப்போகக்கூடும். நோய் விட்டுப்போய் நீண்டகாலத்தின் பின் புதிய பலவீனமும் சோர்வும் சிலருக்கு வருவது அதனால்தான். எனவே எங்களுக்கு, “வலித்தாலும் விடாதே” என்ற அறிவுரை நஞ்சு. களைப்பு வருமுன் நிறுத்தவேண்டும். இன்றைய களைப்பு நாளைக் காலையிலும் மிஞ்சியிருந்தால் இன்று செய்தது அதிகம்.

ஆகவே நான் ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடக்கிறேன். மொத்தம் அரைமணி நேரம். வாரத்தில் மூன்று நாள். ஒருநாள் விட்டு ஒருநாள். வலது சப்பாத்துக்குள் குதியை உயர்த்தும் ஒரு தடித்த அட்டை. ஓட்டத்தையும் நடையையும் இப்படிக் கலப்பது நோயாளிகளுக்கென்று கண்டுபிடித்த சலுகை அல்ல. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓடிய அமெரிக்கரான ஜெஃப் கலோவே, மரதன் ஓடுபவர்களுக்கே கற்பித்துப் பரப்பிய முறை அது.

ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும் என்று பலர் எச்சரித்தார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 வீதமானோருக்கே இடுப்பிலோ முழங்காலிலோ மூட்டுத் தேய்வு காணப்பட்டது. ஓடாதவர்களில் அது 10.2 வீதம், போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுபவர்களில் 13.3 வீதம். ஓடாதிருப்பதும் கேடு, வெறிகொண்டு ஓடுவதும் கேடு. ஏற்கெனவே மூட்டு நோய் கண்டவர்களும் என் போன்ற கோணற்கால்காரரும் இந்தப் புள்ளிவிபரத்தை அப்படியே தமக்குரியதாக எடுத்துவிடக்கூடாது. வைத்தியரைக் கேட்டபின்னரே காலடி வைக்கவேண்டும். இருப்பினும் “முழங்கால் போய்விடும்” என்ற பயமுறுத்தல் நாம் நினைத்த அளவுக்கு உறுதியானதல்ல.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட உடலியக்க வழிகாட்டலில், உடற்குறைபாடு உள்ளவர்களுக்கென்றும் முதன்முறையாகப் பரிந்துரைகள் சேர்க்கப்பட்டன. வளர்ந்தோருக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் என்ற அளவே எங்களுக்கும். அதை எட்ட இயலாதவர்கள் இயன்ற அளவு செய்தாலும் நன்மையே என்பது அந்த வழிகாட்டலின் சாரம். இந்த “இயன்ற அளவு” என்ற சொற்றொடரைத்தான் நம் சமூகம் இன்னும் கற்கவில்லை.

இனி, இவ்விடயம் பேசப்படும்போதெல்லாம் எடுத்துக்காட்டப்படும் ரெரி ஃபொக்ஸுக்கு வருகிறேன். கனடாவில் வாழும் நம்மவரின் பிள்ளைகள் ஒவ்வொரு செப்ரெம்பரிலும் பாடசாலையில் அவர் பெயரால் ஓடுகிறார்கள். எலும்புப் புற்றுநோயால் 1977இல், பதினெட்டு வயதில், வலது கால் முழங்காலுக்கு மேலாக அகற்றப்பட்டவர் அவர். 1980 ஏப்ரல் 12ஆம் திகதி நியூஃபவுண்ட்லாந்தின் சென் ஜோன்ஸில் தொடங்கி, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மரதன் தூரமாக 143 நாட்கள் ஓடினார். 5,373 கிலோமீற்றர் கடந்து, செப்ரெம்பர் 1ஆம் திகதி தண்டர் பே நகரருகே நின்றார். நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 1981 ஜூன் 28ஆம் திகதி, 23ஆவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருக்கையில், அவர் இறந்தார்.

இக்கதையில் நாம் விட்டுவிடும் பகுதிகள் இரண்டு. முதலாவது, அவர் வானத்திலிருந்து குதிக்கவில்லை. சத்திரசிகிச்சைக்கு முந்தைய இரவில் அவர் படித்தது, 1976இல் செயற்கைக் காலுடன் நியூயோர்க் மரதனை ஓடிமுடித்த டிக் ட்ரோமைப் பற்றிய கட்டுரை. ஒரு காலிழந்தவருக்கு ஓட்டப்போட்டியில் இடம் கிடைத்தது. அதைப் படித்த இன்னொருவருக்கு வழி தெரிந்தது. இரண்டாவது, ரெரி கேட்டது கைதட்டலை அல்ல. ஒவ்வொரு கனேடியரும் ஒரு டொலர் தரவேண்டும், அது புற்றுநோய் ஆராய்ச்சிக்குச் செல்லவேண்டும் என்பதே அவர் கோரிக்கை. 1981 பெப்ரவரியில் அந்நிதி 24 மில்லியன் டொலரைக் கடந்தது. அவருக்குப் பிறகு தொடங்கிய ரெரி ஃபொக்ஸ் ஓட்டத்தில் போட்டியில்லை, வெற்றியாளர் இல்லை. ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியில் வரலாம். உலகின் மிகக் கடுமையான ஓட்டமொன்றை ஓடியவரின் பெயரால், எவரும் எப்படியும் ஓடக்கூடிய ஓட்டமொன்று நடக்கிறது. நாம் பாடமாக எடுக்கவேண்டியது இதை.

பௌஜா சிங்கையும் அப்படித்தான் நினைத்துப்பார்க்கிறேன். பஞ்சாபில் பிறந்து ஐந்து வயதுவரை நடக்க இயலாதிருந்தவர். மகனை இழந்த துயரின் பின் இலண்டனில் ஓட்டத்தைப் பற்றிக்கொண்டார். 2000இல் தம் 89ஆவது வயதில் இலண்டன் மரதனை ஓடினார். 2011 ஒக்டோபரில், நூறு வயதில், ரொறன்ரோ மரதனை முடிக்க அவருக்கு எட்டு மணிநேரத்துக்கு மேல் எடுத்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லையென்று கின்னஸ் நிறுவனம் அதைச் சாதனையாக ஏற்கவில்லை. சான்றிதழ் இல்லாவிடினும் அவர் ஓடிய தூரம் குறைந்துவிடவில்லை. 2025 ஜூலையில், 114 வயதில், சொந்தக் கிராமத்தருகே வீதியைக் கடக்கும்போது வாகனம் மோதி அவர் உயிரிழந்தார். முதுமையால் வீழ்த்த முடியாத மனிதரை ஒரு வீதி வீழ்த்தியது.

இந்த இடத்தில்தான் என் மனக்குறையைச் சொல்லவேண்டியிருக்கிறது. வீரக்கதைகள் தனிமனிதனிடம் பேசுகின்றன: “அவனால் முடிந்தது, உன்னால் ஏன் முடியாது?” வீதியிடமும் பாடசாலையிடமும் அவை எதுவும் கேட்பதில்லை. மன உறுதி இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டால், நடைபாதை அமைக்கவேண்டிய பொறுப்பிலிருந்து எல்லாரும் தப்பித்துக்கொள்ளலாம். எங்கள் நகரங்களின் நடைபாதைகளைப் பாருங்கள். பாதி கடைச் சாமான்களுக்கு, மீதி மோட்டார் சைக்கிள்களுக்கு. வடிகால் மூடிகள் உடைந்து கிடக்கின்றன. இரு காலும் நலமுள்ளவர் தாண்டிப் போய்விடுவார். என் போன்றவருக்கு அந்த ஒரு பள்ளம் ஆறுமாதக் கட்டிலாகும். பெண்கள் ஓடுவதற்கு வேறு தடைகள். அவர்களின் காலில் குறையில்லை, பார்ப்பவரின் கண்ணில் குறை.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஏதேனுமொரு இயலாமையுடன் வாழ்பவர்கள் ஏறத்தாழ 16 இலட்சம் பேர். அவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இலேயே நிறைவேற்றப்பட்டது. பொதுக் கட்டடங்களில் அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை 2016இல் அரசு உறுதிப்படுத்தியது. காகிதத்தில் நாம் நன்றாகவே ஓடியிருக்கிறோம்.

பதக்கமும் வந்திருக்கிறது. 2012 இலண்டன் பராலிம்பிக்கில் 400 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலம் வென்று, நாட்டுக்கு முதலாவது பராலிம்பிக் பதக்கத்தைத் தந்தவர் பிரதீப் சஞ்சய. அவர் இராணுவ வீரர். அவரின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. காயமடைந்த படைவீரர்களுக்குப் பயிற்சியும் மைதானமும் பயிற்றுநரும் கிடைத்தால் என்ன விளையும் என்பதற்கு அவர் சான்று. அதே போரில் காலிழந்த குடிமக்களுக்கும் அந்த வசதிகள் கிடைத்திருந்தால் என்ற கேள்வியை மட்டும் கேட்கிறேன்.

அவர்களில் ஒருவர் எங்கள் ஒழுங்கையில் வசிக்கிறார். மீள்குடியேறிய புதிதில், 2010இல், விறகு பொறுக்கப் போய்க் கண்ணிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். இன்று தையற்கடை வைத்திருக்கிறார். அண்மையில் தம் மகளின் முன்பள்ளி விளையாட்டு விழாவுக்குப் போயிருந்தார். நிகழ்ச்சி நிரலில் பெற்றோருக்கான ஓட்டமும் இருந்தது. அவர் எழுந்தபோது, அன்பாக, மிகுந்த அன்பாக, விருந்தினர் வரிசையில் ஒரு கதிரையைக் காட்டினார்களாம். அடுத்த நாள் மாலை என் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணை, இந்தக் காலோடை ஓடேலாதோ?”

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அவரிடமிருப்பது ஜெய்ப்பூர் கால். 1960களின் இறுதியில் இந்தியாவின் ஜெய்ப்பூரில், வைத்தியர் சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கியது. வெறுங்காலுடன் நடக்கவும், குந்தி இருக்கவும், வயலில் இறங்கவும் ஏற்றது, விலை குறைந்தது. எங்கள் மண்ணில் ஆயிரக்கணக்கானோரை எழுந்து நிற்கவைத்தது அந்தக் கால்தான். தொலைக்காட்சியில் காணும், வில்போல் வளைந்த கரிநார்க் கால் வேறு வகை. காலிழந்த அமெரிக்கரான வான் பிலிப்ஸ் 1980களில் உருவாக்கிய வடிவத்திலிருந்து வளர்ந்தது. தரையை மிதிக்கும்போது அமுங்கி, தூக்கும்போது உந்தித் தள்ளுகிறது. அதன் விலையில் எங்கள் தையற்காரர் ஒரு வீடே கட்டிவிடுவார். ஆனால் ரெரி ஃபொக்ஸ் ஓடிய காலத்தில் அத்தகைய கால் இல்லை. நடப்பதற்கென்று செய்யப்பட்ட காலைத் திருத்தியமைத்து, நல்ல காலால் இரண்டு துள்ளலும் பொய்க்காலால் ஓர் அடியுமாகவே அவர் ஓடினார்.

எனவே, கால் செய்து தந்த நிலையத்துக்கு முதலில் போகச் சொன்னேன். குழிப்பகுதி இறுக்கமாகவும் வலியின்றியும் பொருந்துகிறதா, எஞ்சிய காலின் தோலில் புண் இருக்கிறதா என்று பார்த்தார்கள். குழியைச் சற்றுத் திருத்தினார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, ஆளில்லாத மைதானத்தில், இருவருமாக இறங்கினோம். பத்தடி ஓடினார். நின்றார். மூச்சு வாங்கியது. “இன்னொருக்கா” என்றார். அன்று நான்கு தடவை, ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து அடி. ஐந்தாவது தடவைக்கு நான் விடவில்லை. கழற்றிப் பார்த்தபோது தோல் சிவந்திருந்தது. ஒரு வாரம் ஓய்வு. மறுபடியும் தொடங்கியிருக்கிறோம்.

அடுத்த ஆண்டு விழாவில் அவர் ஓடுவாரா என்பது அவர் கையில் மட்டும் இல்லை. அந்த முன்பள்ளியின் ஆசிரியைகள் கதிரையைக் காட்டாமல் கோட்டைக் காட்டவேண்டும். அவர் கடைசியாக வந்தால் அழாமலும், அளவுக்கு மீறிக் கைதட்டாமலும் இருக்க ஊரவர் பழகவேண்டும். பாடசாலை அதிபர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த இல்ல மெய்வல்லுநர் போட்டியில், இயலாமையுள்ள பிள்ளையிடம் கொடியையோ வாளியையோ கொடுக்குமுன், “நீ எதில் ஓடப்போகிறாய்?” என்று ஒரு தடவை கேளுங்கள். பிள்ளை வேண்டாமென்றால் அது அதன் விருப்பம். ஆனால் அக்கேள்வி கேட்கப்படவேண்டும். நகரபிதாக்களிடம் கேட்பது அதைவிடச் சிறியது: பள்ளமில்லாத, சாமான் அடுக்காத, விளக்கு எரியும் ஒரு கிலோமீற்றர் நடைபாதை.

என் வயதொத்த, ஏதேனுமொரு குறையைச் சாட்டாக வைத்துக் கதிரையிலேயே இருந்துவிட்ட நண்பர்களுக்கும் ஒரு சொல். உங்களை எவரும் வில்மாவாகவோ ரெரியாகவோ ஆகச் சொல்லவில்லை. அந்தப் பயத்தால்தான் நாம் தொடங்குவதேயில்லை. வைத்தியரைக் கேளுங்கள். நல்ல சப்பாத்து வாங்குங்கள். ஒரு நிமிடம் ஓடுங்கள், இரண்டு நிமிடம் நடவுங்கள். ஓட இயலாவிட்டால் நடவுங்கள். நடக்க இயலாவிட்டால் இருந்தபடி கைகளை இயக்குங்கள். என் இரத்தச் சீனி இன்று கட்டுக்குள் இருக்கிறது. மாத்திரை நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. என் கால் நேராகவில்லை. ஆகப்போவதும் இல்லை.

இலங்கையில் கடைசி இளம்பிள்ளை வாத நோயாளி பதிவானது 1993இல். அந்நோய் தந்த கால்களுடன் இந்நாட்டில் வளர்ந்தவர்களில் நாங்களே கடைசித் தலைமுறை. எங்களுக்குப் பின்னால் வரிசை இல்லை என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால் கண்ணிவெடி தந்த கால்கள் இருக்கின்றன. நீரிழிவு பறித்த கால்கள் நாளுக்கு நாள் கூடுகின்றன. அவர்களுக்கும் ஓடுபாதை தேவை.

நாளைக் காலை மழை இல்லாவிட்டால் பண்ணையில் இருப்பேன். அந்த மோட்டார் சைக்கிள் இளைஞர் மறுபடி வந்தால் அவர் செய்யவேண்டியது ஒன்றேயொன்று: என்னைக் கடக்கும்போது கொஞ்சம் விலத்திப் போகட்டும். ஓடுகிற எவருக்கும் கொடுக்கவேண்டிய இடம் அதுதான்.